41 நாடுகள், 12 பாயிண்ட், ஒரு மதராஸ்காரர்!

2012 மே 27, ஞாயிற்றுக்கிழமை. சென்னைக்கு ஒரே நாளில் இரண்டு ஃபைனல் தோல்வி.

ஒன்று ஊருக்கே தெரியும். சேப்பாக்கத்தில், சொந்த மைதானத்தில், 190 ரன் எடுத்தும் கொல்கத்தாவிடம் ஐ.பி.எல். கோப்பையைக் கோட்டை விட்டது சூப்பர் கிங்ஸ். அன்று 89 ரன் விளாசிய பிஸ்லாவின் பெயரைத் தாம்பரம் டீக்கடையில் இன்றைக்குச் சொன்னாலும் கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொரு தோல்வி அதற்கு முன்பே, அன்று விடிவதற்குள், காஸ்பியன் கடலோரத்து பாகு நகரத்தில் நடந்து முடிந்திருந்தது. யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில், மதராஸில் பிறந்த 76 வயதுப் பாடகர் ஒருவர் 26 பேரில் 25-ஆவதாக வந்தார். மொத்த வசூல் 12 பாயிண்ட்.

முதல் தோல்விக்கு ஊரே அழுதது. இரண்டாவதற்கு அழுதவன், எனக்குத் தெரிந்து, கிழக்குத் தாம்பரத்தில் ஒரே ஒருவன். அவன்தான் இதை எழுதுகிறான். எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் ரசிகர் மன்றம், தாம்பரம் கிளைக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் எல்லாம் அப்போது அவனே.

போட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு ஆரம்பித்தது யூரோவிஷன். ஐரோப்பாவின் சூப்பர் சிங்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டியாளருக்குப் பதில் ஆளுக்கொரு நாடு. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. 2012-இல் ஒவ்வொரு நாடும், தன் நடுவர்களையும் போனில் ஓட்டுப் போடும் ஜனங்களையும் சேர்த்துக் கூட்டி, தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுக்கு மார்க் போட்டது. முதலாவதற்கு 12, அடுத்து 10, பிறகு 8, 7 என்று இறங்கி ஒன்றில் முடியும். சொந்த நாட்டுக்குப் போட்டுக்கொள்ள முடியாது. இந்த ஒரு விதியை நம் ஊர்த் தேர்தலில் கொண்டுவந்தால் பல வேட்பாளர்கள் டெபாசிட் இழப்பார்கள்.

அந்த வருடம் 42 நாடுகள். பிரிட்டனைக் கழித்தால் 41. எல்லோரும் 12 கொடுத்திருந்தால் 492. நம்மாளுக்கு விழுந்தது 12. அதாவது, ஒரு நாடு மனசு வைத்தால் ஒரே மூச்சில் தரக்கூடிய மார்க்கை, ஒரு கண்டமே கூடிக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்திருக்கிறது. இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு பாயிண்ட் என்று 12 நாடுகள் போட்டிருந்தால்கூட, குறைந்தது 29 நாடுகள் கையையே விரித்திருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் இப்படி மார்க் வாங்கினால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள்.

இனி கதாநாயகன் அறிமுகம். இயற்பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டோர்சி. பிறந்தது 1936 மே 2, மதராஸ். அப்பா மெர்வின் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர். வீட்டில் பத்துப் பிள்ளைகள். பத்து வயதில் குடும்பம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்குக் கப்பலேறிவிட்டது. அதாவது, கடற்கரை-தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்த ஐந்தாவது வருடத்தில் பிறந்து, நாடு சுதந்திரம் அடைவதற்கு முந்தின வருடம் கிளம்பிப் போன பையன். பத்து வருட மதராஸ் வெயில் உடம்பில் ஏறியிருக்கிறது. குடும்ப அட்டை தருவதற்கு இது போதாதா?

லெஸ்டரில் சாக்ஸபோன் கற்றுக்கொண்டார். ஜெர்ரி டோர்சி என்ற பெயரில் கிளப் கிளப்பாகப் பாடினார். ஒன்றும் எடுபடவில்லை. போதாக்குறைக்கு 1961-இல் காசநோய் வந்து படுத்துவிட்டார். இந்த இடத்தில் எங்கள் பேட்டைக்காரன் பெருமூச்சு விடாமல் இருக்க முடியாது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்த காசநோய் மருத்துவமனையால் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வந்த ஊர் இது. மனுஷன் கப்பலேறாமல் இங்கேயே இருந்திருந்தால், மரத்தடியில் கட்டில் போட்டு நாங்களே தேற்றி அனுப்பியிருப்போம்.

பிழைத்து எழுந்தவருக்குக் கைகொடுத்தவர் பழைய அறைத்தோழர் கார்டன் மில்ஸ். டாம் ஜோன்ஸை உலகறியச் செய்த மேனேஜர். 1965-இல் டோர்சியைக் கூப்பிட்டு, "இந்தப் பெயர் வேலைக்கு ஆகாது" என்று, ஆப்ரா எழுதிய 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ஒருவரின் பெயரை அப்படியே தூக்கி வைத்தார்: எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். நம் சினிமாவில் பெயர் மாற்றுவது ஜனங்கள் வாயில் சுலபமாக நுழைவதற்கு. இவர் வைத்ததோ பல் டாக்டரிடம் போய்விட்டு வந்துதான் உச்சரிக்க வேண்டிய பெயர். ஆனால் ஜெயித்தது.

இந்தக் கார்டன் மில்ஸ் பிறந்த ஊர் எது என்கிறீர்கள்? அதுவும் மதராஸ்தான்.

இன்னும் இருக்கிறது. 1967-இல் வெளிவந்த 'ரிலீஸ் மீ' என்ற பாட்டு. அது அவருடைய சொந்தப் பாட்டுகூட இல்லை. அமெரிக்காவில் பலர் பாடிப் பழசான சரக்கு. மில்ஸ் வளர்த்துவிட்ட நம்மாள் அதைப் பாட, பிரிட்டனில் ஆறு வாரம் நம்பர் ஒன். அந்த ஆறு வாரத்தில் கீழே இரண்டாம் இடத்தில் சிக்கிக்கொண்டு மேலே ஏற முடியாமல் தவித்தது யார் தெரியுமா? பீட்டில்ஸ்! 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இரண்டும் சேர்ந்த இசைத்தட்டு. 1963-இலிருந்து வரிசையாக முதலிடம் பிடித்துவந்த நால்வரின் ஓட்டத்தை நிறுத்தியது ஒரு மதராஸ் தொண்டை.

அதே பீட்டில்ஸ் புகழ் பெறுவதற்குச் சற்று முன், 1962 ஆகஸ்டில், தன் டிரம்மரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்துக்கொண்டது. கழற்றிவிடப்பட்ட அந்த பீட் பெஸ்ட், 1941-இல் பிறந்தது எங்கே? மதராஸில்! ஒரு மதராஸ்காரனைத் துரத்தினார்கள். ஐந்தே வருடத்தில் இன்னொரு மதராஸ்காரன் வந்து கணக்கைத் தீர்த்தான். இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பது வேறு விஷயம். இதைத் திரைக்கதையாக எழுதிக்கொண்டு கோடம்பாக்கம் போனால், "தற்செயல் கொஞ்சம் ஓவரா இருக்கு, தம்பி" என்று காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பல்லாவரம் சந்தையில் கிருதாவின் விலை

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது பல்லாவரத்தில். வெட்டரன் லைன்ஸில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் அவர் வீட்டு டேப் ரிக்கார்டரில் ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்டு, ஹம்பர்டிங்க் மூவரும் முறை வைத்துப் பாடுவார்கள். கூடவே அடுப்பில் 'பால் கறி' என்கிற கறி உருண்டைக் குழம்பு கொதிக்கும். எனக்குப் பாட்டும் வாசனையும் சேர்ந்தே மனதில் பதிந்துவிட்டதால், இன்றைக்கும் 'தி லாஸ்ட் வால்ட்ஸ்' கேட்டால் பசிக்கிறது.

"நம்ம ஆள் மேன் இவன். மெட்ராஸ் பாய்" என்பார் அங்கிள், என்னமோ அவரே தொட்டில் ஆட்டியதுபோல.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை. செடி, சேவல், துருப்பிடித்த தையல் மிஷின், கால் இல்லாத நாற்காலி, ஆள் இல்லாத கல்யாண ஆல்பம் என்று எல்லாம் கிடைக்கிற இடம். ஓட்டை ரேடியோக்களுக்கு நடுவே சணல் சாக்கில் இசைத்தட்டுகள். பக்திப் பாடல்களுக்கும் ஒரு பழைய படத்தின் வசனத் தட்டுக்கும் இடையில் கிருதா வைத்த அந்த முகம்.

"எவ்வளவுப்பா?"

"ஐநூறு சார்."

"கீறல் விழுந்திருக்கே."

"பாட்டு கீறலுக்கு அடியில இருக்கு சார்."

"இவர் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"யாரா இருந்தா என்ன சார். அந்தக் கிருதாவைப் பாருங்க. அதுக்கே இருநூறு குடுக்கலாம்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல், "இவர் மெட்ராஸ்ல பொறந்தவருப்பா" என்றேன்.

"அப்படியா? அப்ப அறுநூறு."

பாகுவில் நடந்தது என்ன?

2012 மார்ச் முதல் தேதி பி.பி.சி. அறிவிப்பு வந்தது: இந்த வருடம் பிரிட்டன் சார்பில் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்குச் சிரிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரிட்டனின் நிலைமை அப்போது ரொம்ப மோசம். 1997-க்குப் பிறகு ஜெயிக்கவே இல்லை. 2003-இல் பூஜ்யம். 2010-இல் பத்தே பாயிண்ட்டோடு கடைசி இடம். ஆனாலும் அதிகப் பணம் கட்டுகிற ஐந்து நாடுகளில் ஒன்று என்பதால் தகுதிச் சுற்று கிடையாது. நேராக ஃபைனல் பந்தியில் இலை போட்டுவிடுவார்கள். இலையில் பரிமாறத்தான் ஆள் இருக்காது.

பாட்டு 'லவ் வில் செட் யூ ஃப்ரீ'. எழுதியவர்கள் மார்ட்டின் டெரெஃபி, சாஷா ஸ்கார்பெக். பின்னவர் ஜேம்ஸ் பிளன்ட்டின் 'யூ ஆர் பியூட்டிஃபுல்' பாட்டில் பங்கு உள்ளவர். ஆக, கைதேர்ந்தவர்கள்தான். நம் கணக்கில் சொன்னால் திஸ்ர நடை, சாவகாசமான மெட்டு, கடைசியில் சுருதியைத் தூக்கி ஒரு உச்சம். கல்யாண ரிசப்ஷனில் பெரியவர்கள் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும் நேரத்தில் வாசித்தால் பிரமாதமாக இருக்கும்.

யூரோவிஷன் அந்த மாதிரி ரிசப்ஷன் இல்லை. அது மாரியம்மன் கோயில் தீமிதியும் தீவுத்திடல் பொருட்காட்சியும் ஒரே இரவில் நடக்கிற இடம்.

நம் கடிகாரத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை. கத்திரி வெயில் முடியாத காலம். ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் வேக்காடு. கம்ப்யூட்டரில் நேரலை திறக்கிறது, வட்டம் சுற்றுகிறது, மறுபடி திறக்கிறது. குலுக்கலில் பிரிட்டனுக்கு விழுந்தது முதல் இடம். 26 பாட்டில் முதலாவதாகப் பாட வேண்டும். கல்யாணக் கச்சேரியில் மைக் டெஸ்டிங் நேரத்தில் பாடுகிறவனுக்கும் முதலில் பாடுகிறவனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. முதலில் பாடி ஜெயித்தவர்களும் உண்டு: 1975, 1976, 1984. ஆனால் அதற்குப் பிறகு நீண்ட வறட்சி.

மேடையில் கருமையான உடையில் மனுஷன் நிற்கிறார். ஓடவில்லை, பறக்கவில்லை, தண்ணீரில் விழவில்லை. பக்கத்தில் ஒருவர் கிதார் மீட்டுகிறார். பின்னால் ஒரு ஜோடி வால்ட்ஸ் ஆடுகிறது. அவ்வளவுதான். 76 வயதுக் குரல் ஆரம்பத்தில் கொஞ்சம் தயங்கியது, உண்மைதான், நடுவில் பிடித்துக்கொண்டது. கடைசி உச்சத்தில் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"ஏங்க, ராத்திரி ஒரு மணிக்கு எந்தத் தாத்தா அழறதைப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி, பாதித் தூக்கத்தில்.

"அழலை, பாடறார். மெட்ராஸ்காரர்."

"அப்ப அவரையும் தூங்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு 25 பாட்டு. அயர்லாந்திலிருந்து வந்த ஜெட்வர்டு என்ற இரட்டைப் பையன்கள் மேடையிலேயே நீரூற்றில் நனைந்தார்கள். சுவீடனின் லோரீன் வெறுங்காலோடு, கொட்டுகிற செயற்கைப் பனியில், சாமி வந்ததுபோல் ஆடிக்கொண்டே பாடி 372 பாயிண்ட்டோடு கோப்பையை அள்ளினார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் தாங்க முடியாதது பாட்டிகள்.

ரஷ்யா சார்பில் புரானோவோ என்ற கிராமத்துப் பாட்டிகள் வந்திருந்தார்கள். உத்முர்த் இனத்துப் பெண்கள். பூப்போட்ட தலைமுண்டும் சிரிப்புமாக, மேடையில் அடுப்பை வைத்து, பாடிக்கொண்டே பணியாரத் தட்டை எடுத்தார்கள். ஊரில் இடிந்துபோன தேவாலயத்தைத் திரும்பக் கட்டப் பணம் சேர்ப்பதற்காகப் பாடுகிறார்களாம். நம் சேனல்காரர் கையில் இந்தக் கதை கிடைத்திருந்தால், சோக வயலினோடு ஆறு எபிசோட் ஓட்டியிருப்பார். கூட்டத்தில் மிகச் சிறிய உருவமாக நின்ற பாட்டி, நம்மாளைவிடச் சில மாதம் மூத்தவர். வயதுக்கு அனுதாப ஓட்டு விழும் என்று பி.பி.சி. நினைத்திருந்தால், அந்த வியாபாரத்துக்கு எதிர்த்த கடையே திறந்துவிட்டார்கள். பாட்டிகளுக்கு 259 பாயிண்ட், இரண்டாம் இடம்.

ஓட்டு எண்ணிக்கை விடியற்காலை வரை நீண்டது. ஒவ்வொரு தலைநகராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் வணக்கம் சொல்லி, பாகு அழகாக இருக்கிறது என்று சொல்லி, நம்மாளுக்கு ஒன்றும் சொல்லாமல் போனார்கள். கடைசியில் நமக்கும் கீழே நார்வே மட்டும், ஏழு பாயிண்ட்டோடு. கடைசி பெஞ்சில் நமக்குத் துணை.

காலையில் பல்லாவரத்துக்குப் போன் போட்டேன். அங்கிள் விஷயத்தைக் கேட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பன்னெண்டா? சரி விடு மேன். கொடுக்கத் தெரியாதவன்கிட்ட அவ்வளவுதான் வாங்க முடியும். சாயங்காலம் மேட்ச் இருக்கு, அதுல பாத்துக்கலாம்."

அதிலும் பார்த்தோம்.

வடக்கு வாழ்கிறது

ரசிகனாக என் வாதத்தை இங்கே வைக்கிறேன். பாட்டில் குறை இல்லை. அனுப்பியவர்கள் விளம்பரத்தில் கோட்டை விட்டார்கள். மதராஸில் பிறந்தவர் என்ற செய்தியை உரிய இடத்தில் சொல்லவில்லை. ஐரோப்பாவில் தமிழர் இல்லாத நாடு எத்தனை? ஓஸ்லோவில் இருக்கிறார்கள். ஜூரிக்கில் இருக்கிறார்கள். பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் போனால் முருங்கைக்காய் கிடைக்கிறது. கோபன்ஹேகன், டோர்ட்மண்ட், எங்கும் உண்டு. அப்போதைய விதிப்படி ஒரு போனிலிருந்து 20 ஓட்டு வரை போடலாம். சொந்த ஊர்ப் பிள்ளை என்று தெரிந்தால், சூப்பர் சிங்கருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியே கைரேகை தேய்த்த சமுதாயம் சும்மா இருக்குமா? லண்டன் தமிழர்கள் மட்டும் பாவம், பிரிட்டனில் இருப்பதால் பிரிட்டனுக்குப் போட முடியாது.

இன்னொரு மனக்குறையும் உண்டு. பிரிட்டனுக்காக யூரோவிஷன் பாடிய இன்னொரு இந்திய மண்ணின் மைந்தர் கிளிஃப் ரிச்சர்டு. 1940-இல் லக்னோவில் பிறந்தவர். 1968-இல் 'கங்கிராஜுலேஷன்ஸ்' பாடி 28 பாயிண்ட் வாங்கி, 29 வாங்கிய ஸ்பெயினிடம் ஒரே ஒரு பாயிண்ட்டில் கோப்பையை இழந்தார். 1973-இல் திரும்பவும் வந்து மூன்றாம் இடம் பிடித்தார். லக்னோவுக்கு இரண்டும் மூன்றும், மதராஸுக்கு இருபத்தைந்து. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று அண்ணா சொன்னபோது யூரோவிஷனை மனதில் வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்தான். ஆனாலும் பொருந்துகிறது.

தெற்கின் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றியவர் கை செபாஸ்டியன். மலேசியாவின் கிள்ளான் நகரில் 1981-இல் பிறந்தவர்; தந்தை வழியில் இலங்கைத் தமிழ் வேர் உண்டு. 2003-இல் ஆஸ்திரேலியன் ஐடலின் முதல் வெற்றியாளர். 2015-இல் யூரோவிஷனின் அறுபதாவது போட்டிக்காக ஆஸ்திரேலியாவை விருந்தாளியாகக் கூப்பிட்டபோது, வியன்னா மேடையில் 'டுனைட் அகெய்ன்' பாடியவர் இவர்தான். 27 பேரில் ஐந்தாம் இடம், 196 பாயிண்ட். அன்றைக்கு வெட்டரன் லைன்ஸ் அங்கிள் பெர்த்தில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். "சொந்த நாட்டுக்குப் போட முடியாது டாடி" என்றிருக்கிறாள். "அப்புறம் என்னத்துக்கு மேன் அங்க போய் செட்டில் ஆனீங்க?" என்று கேட்டு வைத்துவிட்டாராம்.

நம்மாள் அதற்காகக் கடையை மூடிவிடவில்லை. எண்பதைத் தாண்டிய பிறகும் மேடை ஏறினார். 2022-இல் மார்வெலின் 'மூன் நைட்' தொடரில் அவருடைய 1968-ஆம் வருடத்துப் பாட்டு 'எ மேன் வித்அவுட் லவ்' வந்தபோது, எங்கள் தெருவில் எஞ்சினியரிங் படிக்கிற பையன் ஓடிவந்தான். "அங்கிள், சூப்பர் பாட்டு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். புதுப் பாடகர் போல." நான் உள்ளே போய், அறுநூறு ரூபாய்க் கிருதாவை எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். மன்றத்துக்கு இரண்டாவது உறுப்பினர் சேர்ந்தது அப்படித்தான்.

ஆகவே தீர்ப்பு. லோரீனுக்கு முதலிடம், ஆட்சேபணை இல்லை. பாட்டிகளுக்கு இரண்டாமிடம், வயிற்றெரிச்சலோடு சம்மதம். நம்மாளுக்குப் பன்னிரண்டாவது இடமாவது தந்திருக்க வேண்டும். பாகுவில் நடந்தது அப்பட்டமான அநியாயம்.

தென்சென்னைவாசிகளுக்கு ஒரு தகவலோடு முடிக்கிறேன். 2023-லிருந்து யூரோவிஷனில் பங்கேற்காத நாடுகளின் ரசிகர்களும் இணையத்தில் ஓட்டுப் போடலாம். நம்மையும் சேர்த்து உலகின் மிச்சம் மீதி அனைத்துக்கும் ஒரே ஒரு நாட்டின் மதிப்பு தந்திருக்கிறார்கள். நேரலை பார்க்க நள்ளிரவு பன்னிரண்டரைக்கு விழித்திருக்க வேண்டும், ஓட்டுக்குக் காசு கட்ட ஒரு கார்டு வேண்டும். பிரிட்டன் அடுத்த முறை யாரை அனுப்பினாலும், முதலில் அவர் பிறந்த ஊர் எது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.